கீவ் நகரில் நான் கற்ற பாடம்

(முதுநிலை இயற்பியல் மாணவர் ஒருவர்)



இப்பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்த முதல் வாரத்தில், விடுதி உணவுக்கூடத்தில் எனக்கு ஏற்பட்ட அனுபவம் உங்களுள் பலருக்கும் ஏற்பட்டிருக்கும். எதிரே அமர்ந்திருந்த மாணவர் ஒருவர், "நீ மதராசியா?" என்று கேட்டார். "நான் தமிழன், ஊர் திருநெல்வேலி" என்றேன். "எல்லாம் ஒன்றுதானே!" என்று கூறிவிட்டு அவர் சப்பாத்தியைப் பிய்க்கத் தொடங்கினார். அவர் கெட்டவர் அல்லர். பின்னர் எனக்கு நல்ல நண்பரும் ஆனார். ஆயினும் "எல்லாம் ஒன்றுதானே" என்ற அந்தச் சொல் அன்றிரவு என்னை உறங்க விடவில்லை.

கோபம் மட்டும் அதற்குக் காரணம் அன்று. அதே சொல்லை நானும் ஒருமுறை, வேறொரு நாட்டில், எனக்குச் சோறிட்ட ஓர் அம்மையாரின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லவும், அதிலிருந்து நமக்கெல்லாம் ஒரு வேண்டுகோள் வைக்கவுமே இக்கட்டுரை.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம். என் அக்காள் உக்ரைன் நாட்டின் தலைநகரான கீவ் நகரில் ஆறாண்டு மருத்துவப் படிப்பை முடித்துப் பட்டம் பெற இருந்தாள். விழாவைக் காண அப்பாவும், பள்ளி மாணவனாயிருந்த நானும் புறப்பட்டோம். "எங்கே பயணம்?" என்று கேட்ட உறவினர்க்கெல்லாம் அப்பா கூறிய விடை, "ரஷ்யாவுக்கு" என்பதே. ஆறாண்டுகளாக எங்கள் தெருவில் அக்காளுக்கு வழங்கிய பெயரே "ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை" என்பதுதான்.

அப்பாவை மட்டும் குறை கூறுவதற்கில்லை. அவர் வாலிபராயிருந்த நாளில் சோவியத் நாட்டுப் புத்தகங்கள் தமிழில் மலிவாகக் கிடைத்தன. அந்நாடு பதினைந்து குடியரசுகளின் கூட்டு என்பதையும் அவர் படித்தே இருந்தார். ஆயினும் பேச்சில் அவை யாவும் 'ரஷ்யா' என்ற ஒரே மூட்டைக்குள் அடங்கிவிட்டன. 1991இல் உக்ரைன் தனி நாடாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் விடுதலையை ஆதரித்தனர். அந்தச் செய்தி எங்கள் வீட்டு வாசலை அடைய இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின!

விமான நிலையம் ஆற்றுக்கு அப்பால் கிழக்கே இருக்கிறது. நகருக்குள் நுழைய வேண்டுமானால் தினீப்ரோ ஆற்றைக் கடந்தாக வேண்டும். நம் பழைய நிலப்படங்களில் 'நீப்பர்' என்று காண்பது இந்த ஆறே. ரஷ்ய மண்ணில் தோன்றி, பெலாரூஸ் வழியாக வந்து, உக்ரைனை ஊடறுத்து, ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் கலக்கிறது. தாமிரபரணிக் கரையில் பிறந்த எனக்கு அதன் அகலத்தைக் கண்டதும் வாய் அடைத்துப்போயிற்று.

நாங்கள் கடந்த பாலத்தின் பெயர் பத்தோன் பாலம். 1,543 மீட்டர் நீளம். தறையாணி ஒன்றுகூட இல்லாமல் முழுவதும் பற்றவைத்தே இணைத்த இரும்புப் பாலம் அது. பற்றவைப்பு விஞ்ஞானத்தில் தம் வாழ்நாளைச் செலவிட்ட எவ்கென் பத்தோன் என்ற அறிஞரின் வழிகாட்டுதலில் உருவாயிற்று. 1953 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே மறைந்துவிட்டார்.

பாலத்தின் நடுவிலிருந்து பார்த்தால் ஊரின் அமைப்பு விளங்கும். கீழ்க்கரை தாழ்ந்த சமவெளி, அடுக்கடுக்கான குடியிருப்புகள். மேல்கரையோ உயர்ந்த பச்சைக் குன்றுகள். அக்குன்றுகளின் மேல் 1051இல் தோன்றிய குகை மடத்தின் பொற்கூரைகள் வெயிலில் மின்னுகின்றன. கீ, ஷ்செக், ஹொரிவ் என்ற மூன்று சகோதரரும் லிபித் என்ற தங்கையும் இங்கே ஊரமைத்தனர். மூத்தவன் கீயின் பெயரே ஊருக்கு வந்தது என்பது பழங்கதை. அந்நால்வரும் படகில் வரும் சிலை ஒன்று ஆற்றங்கரையில் நிற்கிறது.

அக்காள் தங்கியிருந்த வீட்டு அம்மையார் எழுபது வயதை நெருங்கியவர். கணவர் காலமாகிவிட்டார், மகள் வேறு ஊரில் இருந்தாள். முதல் நாள் இரவு எங்களுக்காகக் கிழங்கு வைத்த வரேனிக்கியும் பீட்ரூட் சூப்பும் செய்திருந்தார். வரேனிக்கி நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை போலிருந்தது. வயிறு நிறைந்த மகிழ்ச்சியில் நான் அக்காளிடம், "ரஷ்யர்கள் மிகவும் அன்பானவர்கள் என்று பாட்டியிடம் சொல், அக்கா" என்றேன்.

"அப்படிச் சொல்லாதே, தம்பி" என்றாள் அக்காள் மெல்ல.

"ஏன்? எல்லாம் ஒன்றுதானே? இவர் பேசுவதும் ரஷ்ய மொழிதானே?" என்றேன்.

எங்கள் தமிழ்ப் பேச்சுக்கிடையே 'ரஷ்ய' என்ற ஒலி மட்டும் அம்மையாரின் காதில் விழுந்திருக்க வேண்டும். என்ன பேச்சு என்று அக்காளைக் கேட்டார். அக்காள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் சினம் கொள்ளவில்லை. எழுந்து போய்த் தம் கைப்பையிலிருந்து நூறு ஹ்ரிவ்னா நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். அதில் ஒரு மனிதரின் உருவம் இருந்தது. "இவர் எந்த மொழியில் பாடினார், அதற்காக என்ன பட்டார் என்பதை உன் தம்பிக்குச் சொல்" என்றார். பிறகு, "நான் எந்த மொழியும் பேசுவேன். என் நாடு எது என்பதை நான்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

அந்த உருவம் கவிஞர் தராஸ் ஷெவ்செங்கோ. 1814இல் பண்ணையடிமையாகப் பிறந்தவர். அவரது ஓவியத் திறமையைக் கண்டவர்கள் 1838இல் பணம் கொடுத்து அவரை மீட்டனர். 1840இல் உக்ரைன் மொழியில் அவர் பாடல்கள் 'கொப்ஸார்' என்ற நூலாக வந்தன. 1847இல் ரஷ்யப் பேரரசர் அவரைச் சாதாரணப் படைவீரனாக்கித் தொலைதூரத்திற்கு நாடு கடத்தினார். எழுதவும் கூடாது, ஓவியம் தீட்டவும் கூடாது என்பது தண்டனையின் ஒரு பகுதி. பத்தாண்டுகள் அப்படிக் கழிந்தன. 1861இல் பீட்டர்ஸ்பர்க்கில் மறைந்த அவரது உடலைப் பின்னர் எடுத்துவந்து, கீவுக்குத் தெற்கே கானிவ் என்னுமிடத்தில், தினீப்ரோ நதியைப் பார்த்த குன்றின் மேல் அடக்கம் செய்தனர்.

கவிஞரோடு முடிந்ததா? இல்லை. 1876இல் வந்த மற்றொரு பேரரசு ஆணை, உக்ரைன் மொழியில் நூல்கள் அச்சிடுவதையும் வெளியிலிருந்து தருவிப்பதையும் தடுத்தது. அம்மொழியில் நாடகம் நடிப்பதும் தடைக்குள்ளாயிற்று. அப்படி ஒரு மொழியே தனியாக இல்லை, எல்லாம் ஒன்றுதான் என்பதே ஆண்டவர்களின் வாதம். என் வாயிலிருந்து வந்த அதே சொல்! நான் அறியாமையால் சொன்னேன். அவர்கள் அறிந்தே சொன்னார்கள். கேட்பவர் காதுக்கு இரண்டும் ஒரே ஓசைதான்.

மறுநாள் முதல் அந்த அம்மையாரே எங்களை ஊர் சுற்றிக் காட்டினார். ஐந்து நாள் கண்டவற்றையெல்லாம் எழுத இடம் போதாது. அவர் காட்டியவற்றுள் பெரும்பாலானவை, பெயர் இழந்தும் மீண்டும் பெற்றும் நின்ற இடங்கள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

சோபியா பேராலயம் பதினொன்றாம் நூற்றாண்டினது. 1240இல் மங்கோலியர் படை ஊரைச் சூறையாடியபோதும் அழியாமல் தப்பியது. உள்ளே வண்ணச் சில்லுகளால் அமைந்த அன்னையின் திருவுருவம் ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரம். ஆயிரம் ஆண்டுகளாகக் கைகளை உயர்த்தியபடி நிற்கிறாள். சுவர்களில் அக்காலத்து மக்கள் கீறி வைத்த எழுத்துகளும் உள்ளன. ஊரார் கிறுக்கியதும் வரலாறாகிவிட்டது!

அங்கிருந்து எதிரே தெரிவது பொற்கூரை மிக்கேல் மடம். நீல வண்ணமும் பொன்னுமாகப் புதுக்கருக்கோடு இருந்தது. "இது எந்தக் காலத்தது?" என்று அப்பா கேட்டார். "பன்னிரண்டாம் நூற்றாண்டினது, என் மகளைவிட இளையது" என்று சிரித்தார் அம்மையார். 1930களில் சோவியத் அரசு பழைய கோயிலை வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. இன்று நிற்பது 1990களின் இறுதியில் மீண்டும் எழுப்பியது. அதை இடிக்கச் சம்மதம் தந்து கையெழுத்திடுமாறு அறிஞர்களைக் கேட்டபோது, மிக்கோலா மகரெங்கோ என்ற தொல்லியலறிஞர் மறுத்துவிட்டார். அவரைச் சிறைப்படுத்தினர், நாடு கடத்தினர், 1938இல் சுட்டுக் கொன்றனர். தோழர்களே, நாமும் ஆராய்ச்சி மாணவர்கள். ஒரு கையெழுத்தின் விலை என்ன என்பதை அந்தப் பொற்கூரையின் கீழே நின்றபோது நினைத்துப் பார்த்தேன்.

பாபின் யார் என்ற பள்ளத்தாக்குக்கும் போனோம். 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாள்களில் நாஜிப் படையினர் 33,771 யூதர்களை அங்கே சுட்டுக் கொன்றனர். 1976இல் அங்கே சோவியத் அரசு பெரியதொரு நினைவுச் சின்னம் எழுப்பியது. ஆனால் அதன் வாசகத்தில் 'யூதர்' என்ற சொல் இல்லை. சோவியத் குடிமக்கள் என்றே பொதுவாக இருந்தது. இறந்தவர்கள் தங்கள் பெயரைப் பெற 1991இல் யூதர்க்கென ஒரு நினைவுச் சின்னம் எழும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. "எல்லாம் ஒன்றுதான்" என்ற சொல் கல்லறை வரையிலும் வருகிறது, பாருங்கள்.

அறிவியல் மாணவன் என்ற முறையில் இன்னொன்றும் கூறவேண்டும். கீவுக்கு வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது செர்னோபில். உக்ரைன் மொழியில் 'சோர்னோபில்'. 1986 ஏப்ரல் 26இல் அங்கே அணு உலை வெடித்தது. ஐந்தாம் நாள், மே 1ஆம் தேதி, கீவ் நகரின் நெடுவீதியில் தொழிலாளர் தின ஊர்வலம் வழக்கம்போல் நடைபெற்றது. அந்த அம்மையார் தம் ஐந்து வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அதில் நடந்தாராம். "வெயில் நன்றாக இருந்தது. குழந்தை பலூன் கேட்டாள். காற்றில் என்ன இருக்கிறது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். நம் பாடநூலில் அந்த விபத்து இரண்டு பத்தி. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலூன் நினைவுக்கு வருகிறது.

பிரியும் நாளுக்கு முந்தைய மாலை, அவர் தம் கணவரின் படத்தைக் காட்டினார். கீவ் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். "உங்கள் நாட்டுக்காக விமானம் செய்தார்" என்றார். அப்பாவுக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது: 1984 முதல் நம் விமானப்படையில் சேர்ந்து, இமயமலை உச்சிப் பாசறைகளுக்கெல்லாம் சுமை ஏற்றிச் சென்ற ஏ.என்.-32 விமானங்கள் கீவ் நகரில் அந்தோனவ் நிறுவனத்தார் வடிவமைத்து உருவாக்கியவை. அவற்றை நாம் 'ரஷ்ய விமானம்' என்றே அழைத்துவந்தோம்! நன்றி சொல்லும்போதுகூட முகவரி மாறிப்போயிற்று.

இங்கே சிலர் குறுக்கிடக் கூடும். "ஒரு பெயருக்கா இத்தனை ஆரவாரம்? தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' என்றவர்கள் இல்லையா? நாம் மாஸ்கோவை 'மஸ்க்வா' என்றா சொல்கிறோம்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நாக்குப் புரளாமல் தவறாகச் சொல்வது குற்றமன்று. 'கியேவ்' என்பது ரஷ்ய உச்சரிப்பு, 'கீவ்' என்பதே எங்கள் ஒலிக்கு நெருக்கம் என்று 2018 முதல் உக்ரைன் அரசு உலகைக் கேட்டுக்கொண்டது. அந்த ஒலியையும் நான் சரியாகச் சொல்வேன் என்று உறுதி கூற முடியாது. ஒலி பிசகுவதைப் பற்றி நான் பேசவில்லை. அவர்கள் தனியாக ஒரு மக்கள் என்பதை ஏற்கிறோமா, இல்லையா? அதுவே கேள்வி.

ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டோம். 2021 ஜூலையில் ரஷ்ய அதிபர் புதின் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்பது அதன் சாரம். ஏழு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 24 அன்று, அவரது படைகள் எல்லையைக் கடந்தன. கீவை நோக்கி வந்த படை ஏப்ரல் தொடக்கத்திற்குள் பின்வாங்கிற்று. ஆனால் அதன் பின்னும் ஏவுகணைகள் நகரின் மேல் விழுந்தன. சோபியா பேராலயத்தையும் குகை மடத்தையும் 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ ஆபத்திலுள்ள உலகச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. போர் மூளப் பல காரணங்கள் உண்டு. ஒரு சொல்லால் மட்டும் போர் வருவதில்லை. ஆயினும் ஒரு மக்களின் மேல் படை நடத்துவதற்கு முன், அப்படி ஒரு மக்களே இல்லை என்று சொல்லி வைப்பது எவ்வளவு வசதியானது!

"ரஷ்யா நமக்கு நெடுநாளைய நண்பனல்லவா?" என்பது அடுத்த கேள்வி. ஆம், அந்த நன்றியை மறக்கச் சொல்ல நான் யார்? ரஷ்ய மொழியையோ ரஷ்ய இலக்கியத்தையோ பகைக்கச் சொல்லவும் இல்லை. சோவியத் நாடு நமக்குச் செய்த உதவியில் உக்ரைனியர் உழைப்பும் கலந்திருந்தது. நன்றியில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே என் வாதம். நம் நாடே இதை மெல்லத்தான் உணர்ந்தது. 1991இல் விடுதலை பெற்ற உக்ரைனுக்கு இந்தியப் பிரதமர் ஒருவர் முதன்முதலாகச் சென்றது 2024 ஆகஸ்டு 23 அன்றுதான். வானவழி மூடிக்கிடந்ததால் போலந்திலிருந்து ரயிலில் போய்ச் சேர்ந்தார்.

இனி நம் குறையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் உக்ரைனுக்கு மருத்துவம் படிக்கச் சென்றனர். போகுமுன் நாம் விசாரித்தவை என்ன? கட்டணம் எவ்வளவு, பட்டம் இங்கே செல்லுமா, இந்தியச் சாப்பாடு கிடைக்குமா என்பவை. வேண்டிய கேள்விகளே, கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் வேறு எதைக் கேட்பர்? ஆனால் ஆறாண்டு முடித்துத் திரும்பிய பின்னும் அவ்வூரைப் பற்றி நமக்குத் தெரிந்தது கட்டணம் மட்டுமே என்றால், அது வெட்கப்படத் தக்கது. 2022இல் போர் மூண்டபோது ஏறத்தாழ 22,500 இந்தியர் மீண்டு வந்தனர். ஒவ்வொரு விமானமும் இறங்கியபோது நாம் கண்ணீர் விட்டோம். கடைசி விமானம் வந்து சேர்ந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டோம். நம் பிள்ளைகளுக்கு வீடு கொடுத்தவர்களும், பாடம் சொன்னவர்களும், ரொட்டி விற்றவர்களும் என்ன ஆனார்கள் என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஆகவே நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு மாலையை ஒதுக்குவோம். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய தமிழ் மாணவர் ஒருவரை அழைப்போம். கட்டணத்தைப் பற்றியும் விசாவைப் பற்றியும் கால் மணி பேசட்டும். மீதி நேரம் அந்த ஊரைப் பற்றிப் பேசட்டும்: அவ்வூரார் தங்களை என்ன பெயரால் அழைத்துக்கொள்கின்றனர், எதை இழந்தனர், எதற்காகப் பெருமைப்படுகின்றனர் என்று. இங்குள்ள பிறமொழி நண்பர்களையும் அழைப்போம். மணிப்பூரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த மாணவர்களை நாம் எந்த மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம் என்பதும் அப்போது வெளிப்படும். 'மதராசி' என்று நம்மை அழைப்பவரைத் திருத்தும் உரிமை நமக்கு உண்டு. பிறரைச் சரியான பெயரால் அழைக்கக் கற்ற பின் திருத்தினால், அச்சொல்லுக்கு வலிமை கூடும்.

கீவ் நகரில் அர்செனால்னா என்றொரு சுரங்க ரயில் நிலையம் உண்டு. 1960இல் திறந்தது, தரைக்குக் கீழே 105.5 மீட்டர் ஆழம். இயங்கும் படிக்கட்டில் இறங்கவே ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். அங்கே ரயிலேறினால், அடுத்த நிலையம் ஆற்றங்கரையில் திறந்த வெளியில் இருக்கிறது! ரயில் குன்றின் வயிற்றிலிருந்து வெளியே வந்ததும் கண் கூசும் வெளிச்சமும் அகன்ற தினீப்ரோவும் ஒருங்கே தோன்றும். நான் வியப்பில் எழுந்து நின்றுவிட்டதைக் கண்டு அந்த அம்மையார் சிரித்தார்.

2022 மார்ச் முதல் வாரத்தில் அக்காளின் தொலைபேசிக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அந்த நிலையத்தின் நடைமேடையில் போர்வை விரித்துப் படுத்திருப்பதாகவும், பக்கத்தில் அண்டை வீட்டுக் குழந்தைகள் இருப்பதாகவும், பாட்டி நலமே என்றும் எழுதியிருந்தார். அதுவரை அக்காளுக்கு ரஷ்ய மொழியில் எழுதிவந்தவர், அன்று முதன்முறையாக உக்ரைன் மொழியில் எழுதியிருந்தார். அக்காள் ஒவ்வொரு சொல்லாக அகராதி பார்த்துப் படித்தாள். இறுதியில் ஒரு வரி எனக்கு: "உன் தம்பி இப்போது எங்களை என்னவென்று அழைக்கிறான்?"

நான் அக்காளிடம் எழுத்துக் கூட்டிக் கேட்டு, அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லை அனுப்பினேன். 'தியாக்குயு' என்பது அது. நன்றி என்று பொருள். அதன் கீழே ஊரின் பெயரை அவர்கள் எழுதுகிறபடியே எழுதினேன். மூன்று நாள் கழித்து விடை வந்தது. எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தியிருந்தார்.